ஜெபம் பண்ணியும் படபடப்பு அடங்கல... கடலூர், பாண்டி பக்கம் யாராச்சும் இதுலேர்ந்து வெளிய வந்திருக்கீங்களா?

பெண்ணையாத்துக்கரை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் கடலூர், மஞ்சக்குப்பம் தாண்டி ஆத்துப் பக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதறேன்.

2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்துச்சில்ல, பாண்டிகிட்ட கரையைக் கடந்துட்டு நகராம அங்கயே நின்னு ஊத்துச்சி, அப்பறம் சாத்தனூர் டேம் தொறந்து விட்டாங்க, பெண்ணையாத்துத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துடுச்சி. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கு கோடி ஸ்தோத்திரம். பீரோ, ஃப்ரிட்ஜு, பாப்பா ஸ்கூல் புக்ஸு எல்லாம் போச்சி. அது கூட பரவால்ல. ஆனா அன்னிலேர்ந்து மழை சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை காலு சில்லுன்னு ஆயிடுது, வீட்டுக்காரர் நைட் ஷிப்டு போயிட்டா தூங்கவே மாட்டேன், எழுந்து எழுந்து வாசக்கதவைத் தொறந்து தெருவுல தண்ணி நிக்குதான்னு டார்ச் அடிச்சிப் பாக்கறேன். இப்பல்லாம் மழையே இல்லாத நாள்ல கூட வருது, ஆபீஸ்ல கணக்கு போட்டுட்டு இருக்கும்போதே வருது.

ஜெபம் பண்றேங்க. பண்ணாம இல்ல. பிலிப்பியர் 4:6 மனப்பாடம். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்"னு ஆரம்பிச்சாலே எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தியாவுது, ஐயோ நான் கவலைப்படறனே அப்ப கீழ்ப்படியலையேன்னு. ஜெபக்குழுல ஒரு சிஸ்டர்கிட்ட சொன்னேன், விசுவாசம் கொறையுது உனக்கு அதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து குழுவுக்கே போகப் புடிக்கல. நெஜமாவே விசுவாசக் கொறைவா இது? சமாதானம் கெடைச்சவங்க எப்படி கெடைச்சிதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

கோரிமேடு_நைட்_டூட்டி:
அக்கா, நான் நர்ஸ், நானும் விசுவாசிதான். விசுவாசத்தைப் பத்தி பெரியவங்க சொல்லட்டும், நான் உடம்பைப் பத்தி மட்டும் சொல்றேன். நீங்க சொல்றதுல பாதி உடம்பு பண்ற வேலை. கடலூர் துறைமுகத்துல புயல் வந்தா கூண்டு ஏத்துவாங்கல்ல, உங்க உடம்பு அன்னிக்கு ஏத்தின கூண்டை இன்னும் எறக்கல, அவ்ளோதான். அட்ரினலின் ஏறுனா நெஞ்சு அடிக்கும், கை சில்லுன்னு ஆகும், வயிறு பொரட்டும். திடீர்னு வர்ற அந்த அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயி அப்பறம் தானா எறங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்துல செத்துடுவோம்னு தோணும், அதனால சாக மாட்டோம்.

ஆனா ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தைராய்டு ஜாஸ்தியா இருந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தம் கம்மியா இருந்தாலும் வரும். அது தெரியாம வருஷக்கணக்கா உபவாசம் இருக்கறவங்க உண்டு. காபி எத்தனை குடிக்கறீங்க?

விசுவாசி_77:
சிஸ்டர், பயம் தேவனிடத்திலிருந்து வருவதில்லை. 2 தீமோத்தேயு 1:7 படிங்க, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கல, பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியைக் கொடுத்திருக்காரு. இது ஆவிக்குரிய போராட்டம். டாக்டர்கிட்ட போனா தூக்க மாத்திரை குடுப்பான், அப்பறம் ஆயுசுக்கும் அதுதான். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து அந்த பயத்தோட ஆவியைக் கடிந்துகொண்டு ஜெபிங்க. நான் அப்படித்தான் ஜெயிச்சேன். சந்தேகப்படாம கேக்கணும், யாக்கோபு 1:6.

பெண்ணையாத்துக்கரை:
காபி மூணு நாலு ஆவுது, ஆபீஸ்ல. பிரதர், உபவாசமும் இருந்துட்டேன். அன்னிக்கு இன்னும் மோசமா இருந்துச்சி, சாப்பிடாததால தலை வேற சுத்துச்சி.

ஓய்வு_உபதேசியார்:
மகளே, நான் இதே மாவட்டம்தான், லுத்தரன் சபை, பண்ருட்டிப் பக்கம் கிராமத்துல ரொம்ப காலம் உபதேசியாரா இருந்து ஓய்வு ஆனவன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோ.

மொதல்ல அந்த விசுவாசக் கொறைவு விஷயம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேத் தோட்டத்துல நம்ம ஆண்டவர் திகைச்சாரு, வியாகுலப்பட்டாரு, லூக்கா 22:44ல வேர்வை ரத்தத்தோட பெருந்துளிகளா தரைல விழுந்துச்சின்னு இருக்கு. அதுவும் எப்போ? ஜெபம் பண்ணிட்டு இருக்கும்போதே. ஜெபிச்ச உடனே நெஞ்சு அடங்கணும்னு சட்டம் இருந்தா அவருக்கே அது நடக்கலையேம்மா. அவருக்கு விசுவாசம் கொறைவுன்னு அந்த சிஸ்டர் சொல்லுவாங்களா?

பிலிப்பியர் உனக்கு மனப்பாடம்னு சொன்ன. நல்லது. அதே நிருபத்துல ரெண்டாம் அதிகாரம் 25லேர்ந்து படிச்சிப்பாரு. பவுலோட ஊழியத் தோழன் எப்பாப்பிரோதீத்து வியாதியில சாகற நெலமைக்குப் போயிட்டான், அவன் பொழைச்சதால எனக்கு துக்கத்தின்மேல் துக்கம் வராம தேவன் இரங்கினாருன்னு பவுல் எழுதறாரு, என் துக்கம் கொறையறதுக்காக அவனை சீக்கிரமா அனுப்பறேன்னும் சொல்றாரு. ஒன்றுக்கும் கவலைப்படாதேன்னு எழுதின அதே கை, அதே கடுதாசி, அதுவும் காவல்ல கெடந்துகிட்டு. 2 கொரிந்தியர் 11:28ல எல்லா சபைகளைப் பத்தியும் கவலை தெனமும் என்னை நெருக்குதுன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாரு. அதனால 4:6 உன்னைத் திட்டறதுக்கு எழுதினது கெடையாது. பயத்தை உள்ளயே வெச்சிக்கிட்டு சுத்தாத, எடுத்துட்டு வந்து எங்கிட்ட கொட்டுன்னு கூப்பிடறது அது. இன்னொண்ணு, கேட்டது கெடைக்கும்னு அந்த வசனத்துல எங்கயும் இல்ல, பாத்துக்கோ. அடுத்த வசனத்துல தேவசமாதானம் உன் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும்னுதான் இருக்கு. ஆத்துல தண்ணி வராதுன்னு யாரும் வாக்கு குடுக்கல.

எலியா தீர்க்கதரிசியைப் பாரு, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடி கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் உயிரை எடுத்துக்கோன்னு சொல்றான். தேவதூதன் வந்து என்ன பண்ணான்? பிரசங்கமா பண்ணான்? தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் வெச்சான். சாப்பிட்டுத் தூங்கினான், திரும்ப எழுப்பி திரும்ப சாப்பாடு குடுத்தான். கடிந்துகொள்ளல தம்பி விசுவாசி, சோறு போட்டான். தூக்கமும் சோறும் இல்லாத ஒரு பொம்பளைப் புள்ளைய வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கச் சொல்றதுக்கு முன்னாடி இந்த அதிகாரத்தைப் படிக்கணும்.

நான் என்ன பண்ணுவேன்னு கேட்டா, 2011 டிசம்பர் தானே புயல்ல எங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சி போச்சி, ஒரு தலைமுறை சம்பாத்தியம் ஒரு காலைல போச்சி. அப்பலேர்ந்து ஒரு பழக்கம். தெனசரி காலண்டர்ல கிழிச்ச தாளு இருக்குதுல்ல, அதோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எது பயமா இருக்கோ அதை ஒத்த வரில எழுதுவேன். "கர்த்தாவே எனக்கு பயமா இருக்கு"ன்னு பொதுவா எழுத மாட்டேன். "கூட்டுறவுல வாங்கின கடனுக்கு மார்ச்சுல வட்டி கட்ட வழியில்ல"ன்னு எழுதுவேன். அப்பறம் அன்னிக்கு நடந்த ஒரு நல்லதை எழுதுவேன், ஸ்தோத்திரத்தோடே கூடியன்னு வசனத்துல இருக்கே. மடிச்சி சங்கீதப் புத்தகத்துல வெச்சிட்டுப் படுத்துடுவேன். பேரு வெச்சி சொன்ன பயம் கொஞ்சம் சின்னதாயிடுது. பேரு வெக்காதது ரூமு முழுக்க நிக்கும்.

வில்லியனூர்_தேர்:
ஐயா அருமையா சொன்னீங்க. நான் கத்தோலிக்கன், பேரைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும். எனக்கு ஐடி வேலை போனப்ப ஒரு வருஷத்துக்கு மேல இதே படபடப்பு. அந்த நேரத்துல சொந்தமா வார்த்தை போட்டு ஜெபிக்கவே வராதுங்க, வாயைத் தொறந்தா ஆண்டவரே இஎம்ஐன்னுதான் வரும். எனக்கு ஜெபமாலைதான் கை குடுத்துச்சி. முழுசா அம்பத்து மூணு மணியும் இல்ல, ஒரே ஒரு பத்து. செவ்வா, வெள்ளி சொல்ற துக்க மறைபொருள்ல, அதாவது இயேசுவோட பாடுகளை நெனைக்கற காட்சிங்கள்ல, மொதல் மறைபொருளே ஐயா சொன்ன அந்த கெத்செமனிதான். மணியை வெரலால உருட்டிக்கிட்டே அந்த ஒரு காட்சியை மட்டும் நெனைச்சிக்கிட்டு சொல்லுவேன். எனக்கு முன்னாடியே ஒருத்தரு அங்க உக்காந்து பயந்திருக்காருன்னு தோணும். சாயந்திரம் வில்லியனூர் மாதா கோயில் குளத்துப் படில போயி உக்காந்துடுவேன். எங்கம்மா போயி உனக்கு வேலை கெடைக்கட்டும்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு வேற வந்துட்டாங்க, தேருக்கு வந்தே ஆகணும் இப்ப, அது தனிக் கதை.

விசுவாசி_77:
சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்றது ஜெபம் இல்ல பிரதர். மத்தேயு 6:7, அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்.

வில்லியனூர்_தேர்:
ஆரம்பிச்சிட்டாரு.

ஓய்வு_உபதேசியார்:
நான் ஜெபமாலை சொல்றவன் இல்ல, ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. அதே மத்தேயு 26:44ல ஆண்டவர் மூணாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம் பண்ணாருன்னு இருக்கே. 136ஆம் சங்கீதத்துல 26 வசனம், 26லயும் அவர் கிருபை என்றுமுள்ளதுன்னு வருது, அதை வெட்டிடலாமா? வீண்வார்த்தைங்கறது தேவனை ஏமாத்தப் பாக்கறது, ஜாஸ்தி பேசினா ஜாஸ்தி கெடைக்கும்னு நெனைக்கறது. பயத்துல கொழந்தை அம்மா அம்மான்னே கூப்பிடறது வீண்வார்த்தை ஆவுமா?

மட்டுறுத்துனர்:
கத்தோலிக்க-ப்ராட்டஸ்டன்ட் சண்டைக்கு தனி இழை இருக்கு, அங்க போங்க. இங்க அந்த சகோதரி கேட்டதுக்கு மட்டும் பதில்.

கோரிமேடு_நைட்_டூட்டி:
சண்டை இல்ல, ஒரு தகவல். 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சி, இத்தாலில 23 பேரை வெச்சிப் பண்ணது. லத்தீன்ல ஜெபமாலை சொல்லும்போது மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்கொறைய ஆறு வாட்டியா கொறையுது, அதனால இதயத் துடிப்போட சீரும் நல்லா இருக்குன்னு பாத்தாங்க. யோகா மந்திரத்துக்கும் அதே மாதிரிதான் வந்துச்சி, அதையும் சொல்லிடணும். சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 வாட்டி மூச்சு விடுவோம், பயத்துல இன்னும் ஏறும். 23 பேருங்கறது சின்ன ஆய்வு, தேவன் இருக்காரா இல்லையான்னு அது சொல்லல. ஆனா மெதுவா, சத்தமா, ஒரே வாக்கியத்தை இழுத்து சொல்றது உடம்புக்கு நல்லதுன்னு வெச்சிக்கலாம். அக்கா நீங்க ஜெபமாலை சொல்லாத சபைன்னா ஒரு சங்கீத வசனத்தையே அப்படி சொல்லலாம். கிழக்கத்திய சபைங்கள்ல "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியான என்மேல் இரங்கும்"னு மூச்சோட சேத்து சொல்ற பழக்கம் நூத்துக்கணக்கான வருஷமா இருக்கு. முதல் பாதிக்கு மூச்சை இழுங்க, ரெண்டாவது பாதிக்கு விடுங்க, விடறது கொஞ்சம் நீளமா இருக்கட்டும்.

சும்மா_படிக்கறவன்:
நான் கிறிஸ்டியன் இல்ல, சாமி கும்பிடறவனே இல்ல. பாண்டி ரயில்வே ஸ்டேஷன் எதிர இருக்கற திருஇருதய பசிலிக்காவுல ட்ரெயினுக்கு முன்னாடி போயி சும்மா உக்காருவேன், கலர் கண்ணாடி வழியா வெயில் எறங்கும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மனசு அடங்கும். அப்ப எனக்கு ஒரு கேள்வி, யாரையும் நம்பாத எனக்கும் அடங்குது, நர்ஸ் சொன்ன மாதிரி மூச்சு விட்டா மந்திரத்துக்கும் அடங்குது, அப்ப உங்க ஜெபத்துல தனியா என்ன இருக்கு? கிண்டல் இல்ல, உண்மையாத்தான் கேக்கறேன்.

சில்வர்_பீச்_அக்கா:
தம்பி கேட்டதுக்கு நான் சொல்றேன், எனக்கு படிப்பு கம்மி, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன். நாங்க தேவனாம்பட்டினம். 2004 சுனாமி வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாளு. எனக்கு என்ன போச்சின்னு இங்க எழுத மாட்டேன். அதுக்கப்பறம் ரொம்ப வருஷம் நான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பல. கண்ணை மூடி ஜெபம் பண்ணா தண்ணிதான் தெரியும், அதனால ஜெபமே பண்ணல. தேவன் மேல அவ்ளோ கோவம். மனசு அடங்கறதுக்கு கோயில்லயும் உக்காரலாம், பார்க்குலயும் உக்காரலாம் தம்பி, நெஜம்தான். ஆனா கோவத்தை யார்கிட்ட காட்டறது? ஏன் பண்ணேன்னு யார் சட்டையைப் புடிக்கறது? எனக்கு ஒரு ஆளு வேணும் கேக்கறதுக்கு. எங்க சபை ஐயர் வந்தப்ப எதுக்கும் காரணம் சொல்லல, அது பெரிய உபகாரம், 88ஆம் சங்கீதத்தை மட்டும் படிச்சாரு. அது இருட்டாவே முடியும், கடைசில ஒரு நல்ல வார்த்தை கூட வராது. இதுவும் வேதத்துலதான் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாரு. அதுக்கப்பறம்தான் நான் வாயைத் தொறந்தேன், தொறந்து திட்டத்தான் செஞ்சேன். அதையும் ஜெபம்னு எடுத்துக்கிட்டாருன்னு நெனைக்கறேன்.

ஆத்துக்கரை தங்கச்சி, உனக்கு ஒண்ணு. விசுவாசம் கொறைவுன்னு யாராச்சும் திரும்ப சொன்னா மாற்கு 2 எடுத்துக் காட்டு. நாலு பேரு ஒரு திமிர்வாதக்காரனை கூரையைப் பிரிச்சி எறக்கறாங்க. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னுதான் எழுதியிருக்கு. படுத்திருந்தவனோட விசுவாசத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. எனக்கு ஜெபிக்க வராத வருஷம் எல்லாம் பக்கத்து வீட்டு பொம்பளைங்கதான் சாயந்திரம் எங்க திண்ணைல வந்து உக்காந்து மீன் ஆஞ்சிக்கிட்டே எனக்காக ஜெபம் பண்ணாங்க. அந்தக் குழு வேணாம்னா வேற நாலு பேரைப் புடி. தனியா மட்டும் இருந்துடாத.

சும்மா_படிக்கறவன்:
புரிஞ்சிது அக்கா. நன்றி.

பாண்டி_பஸ்_ஸ்டாண்ட்:
இவ்ளோ சீரியஸா போற இடத்துல ஒரு சில்லற விஷயம். ராத்திரி பைபிள் ஆப்ல ஒரு சங்கீதம்னு ஃபோனை எடுத்தா அது ரெண்டு நிமிஷம், அப்பறம் வெதர் குரூப்பு, டேம் லெவலு, எவனோ போட்ட பழைய வெள்ள வீடியோ, மணி ரெண்டு. அக்கா நீங்களும் அப்படித்தான் பண்ணுவீங்கன்னு பந்தயம். அச்சடிச்ச பைபிளை எடுங்க, ஃபோன் அடுத்த ரூம்ல கெடக்கட்டும். எச்சரிக்கை வேணும்னா கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பை ஒருவாட்டி பாத்தா போதும், நாப்பது வாட்டி பாத்தாலும் அதே அறிவிப்புதான்.

பெண்ணையாத்துக்கரை:
பந்தயம் ஜெயிச்சிட்டீங்க. வெதர் குரூப்பு நாலு இருந்துச்சி, மூணுலேர்ந்து வெளிய வந்துட்டேன். ஒண்ணு விட மனசு வரல.

எல்லாரும் எழுதினதை அழுதுக்கிட்டே படிச்சேன், சில்வர் பீச் அக்கா உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உபதேசியார் ஐயா, காலண்டர் தாள்ல எழுத ஆரம்பிச்சேன். மொத நாள் "வெள்ளம்"னு ஒரே வார்த்தைதான் எழுத வந்துச்சி. அப்பறம் நீங்க சொன்ன மாதிரி ஒடைச்சி எழுதினேன். பாப்பா புக்ஸு கீழ் ரேக்குல இருக்கு. பத்திரம் எல்லாம் பீரோல அடித்தட்டுல இருக்கு. அவரு ஷிப்டுல இருக்கும்போது தண்ணி வந்தா பாப்பாவை நான் ஒருத்தியா எப்படி தூக்கிட்டுப் போறது. இப்படி எழுதிப் பாத்தா மொத ரெண்டும் ஜெபம் பண்ண வேண்டிய விஷயமே இல்ல, எடுத்து லாஃப்டுல வெச்சா முடிஞ்சிது, வெச்சிட்டேன். மூணாவதுக்கு எதிர்வீட்டு மாடில இருக்கறவங்ககிட்ட பேசிட்டேன், எந்த நேரமா இருந்தாலும் மேல வந்துடுன்னு சொன்னாங்க, அவங்க கிறிஸ்டியன் கூட இல்ல. மீதி நாலாவது ஒண்ணு எழுதியிருக்கேன், அதை இங்க போட மாட்டேன், அதுக்குத்தான் இப்ப ஜெபம்.

படபடப்பு போயிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேன். முந்தாநாள் மழைல வந்துச்சி. கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவேன்னு இழுத்து சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேன், கதவைத் தொறந்து டார்ச் அடிக்கப் போகல. நர்ஸ் சிஸ்டர், டாக்டர்கிட்ட போறதுன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா மாத்திரை குடுத்தா அது பழக்கமாயிடுமா? அந்த பிரதர் சொன்னது மனசுலயே நிக்குது.

விசுவாசி_77:
சிஸ்டர், உங்களைப் பயமுறுத்தணும்னு எழுதல. மாத்திரை விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல, ஆனா உங்க பேரை வெச்சி தெனமும் காலைல ஜெபிக்கறேன்.

ஓய்வு_உபதேசியார்:
அது நல்ல காரியம் தம்பி. மாத்திரைக்கு ஏசாயா 38:21ஐயும் பாத்துக்கோ. சாகற வியாதில கெடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபம் பண்ணி, கர்த்தர் கேட்டு, பதினஞ்சு வருஷம் கூட்டிக் குடுத்தாரு, அதுக்கப்பறமும் அத்திப்பழ அடையை பிளவைக் கட்டி மேல பத்துப் போடுன்னு ஏசாயாதான் சொல்றாரு.

கோரிமேடு_நைட்_டூட்டி:
அக்கா, ரெண்டு விதமான மாத்திரை இருக்கு, எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கறாங்க. அல்பிரசோலம் மாதிரி உடனே அடக்கறது பழக்கமாகக்கூடியது, அதை டாக்டர் கொஞ்ச நாளைக்குத்தான் குடுப்பாரு, மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கிடாதீங்க. எஸ்சிடலோபிராம் மாதிரி இருக்கறது அந்த மாதிரி ஏங்க வெக்காது, ஆனா வேலை செய்ய ரெண்டு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் ஆகும், மொத வாரம் வயிறு கொஞ்சம் பொரட்டலாம், நல்லாயிடுச்சின்னு நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது. எல்லாருக்கும் மாத்திரை குடுக்கணும்னும் இல்ல, பேசியே சரிபண்ற தெரபியும் இருக்கு, வெள்ளம் மாதிரி விஷயத்துக்கு அது நல்லாவே கேக்கும். நேர்ல போற வரைக்கும் அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ் நம்பர் 14416, காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். சாகணும்னு எண்ணம் ஏதாச்சும் வந்தா ராத்திரியா இருந்தாலும் உடனே போடுங்க.

போகும்போது இதுக்கு முன்னாடி எடுத்த ப்ளட் டெஸ்ட் பேப்பர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. எப்பப்ப வருது, எவ்ளோ நேரம் இருக்கு, அன்னிக்கு எத்தனை காபின்னு ஒரு பேப்பர்ல குறிச்சி வெச்சிக்கோங்க, டாக்டர் முன்னாடி உக்காந்தா பாதி மறந்துடும். காலண்டர் தாள்லயே எழுதுங்க, பின்பக்கம் எடம் இருக்கும்.